சீட்டுக்கட்டும் எதிராளியின் முகமும்



"வரலாறு என்றால் ராஜாவும் கோயிலும் மட்டும்தானா? நாம் ஆடிய சீட்டுக்கு வரலாறு கிடையாதா?" என்று பட்டுக்கோட்டை நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். உண்டு. அதுவும் நம் காவிரிக் கரையோடு ஒட்டிய வரலாறு. கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். "இந்தப் போக்கர் என்கிறார்களே, அது நம் மூணு சீட்டுதானா, வேறா?" இரண்டுக்கும் சேர்த்து இந்தக் கட்டுரை. நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கட்டில் மூன்று கப்பல்காரர்கள்

நம் பக்கத்தில் சீட்டுக்கு என்ன பெயர் சொல்வோம்? ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேட். இங்கிலீஷ் படித்தவர்கள் கிளப், ஸ்பேடு என்பார்கள். ஆனால் ஒரத்தநாட்டில் மாடு மேய்க்கிற பையன்கூட 'கிளாவர்' என்றுதான் சொல்வான். இது எங்கிருந்து வந்தது?

கிளாவர் என்பது அச்சு அசலாக டச்சுச் சொல். அவர்கள் மொழியில் அந்த மூன்று இலைச் சீட்டுக்கு இன்றும் 'கிளாவர்' என்றே பெயர். நெஞ்சுக் குறி போட்ட சீட்டு அவர்களுக்கு 'ஹார்ட்டன்'. நம் ஆட்டினுக்கு நெருங்கிய சொந்தம். இஸ்பேட்டுக்கு வேர் போர்ச்சுக்கீசிய மொழியின் 'எஸ்பாதாஸ்'. வாள்கள் என்று பொருள். டைமன் இங்கிலீஷ். ஒரு சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தால் மூன்று கப்பல்காரர்களின் பேச்சு அதில் இருக்கிறது.

நாகப்பட்டினத்தை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். 1658 வரை அங்கே போர்ச்சுக்கீசியர்கள். அந்த ஆண்டு டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1690-இல் சோழமண்டலக் கரைக்கே தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றினார்கள். 1781-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கப்பலில் மாதக்கணக்கில் வந்த மாலுமிகளுக்கும் சிப்பாய்களுக்கும் பொழுதுபோக்கு சீட்டுதான். கோட்டையும் கிடங்கும் இடிந்து போயின. சீட்டின் பெயர் மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது.

இன்னொரு தடயமும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் நம் பக்கத்திலும் ஆடும் முந்நூற்று நாலு என்ற ஆட்டத்தில் ராஜாவைவிட ஜாக்கி பெரியவன். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. மலையாளத்து இருபத்தெட்டும் இதே குடும்பம்தான். ராஜாவைக் கீழே தள்ளி ஜாக்கியையும் ஒன்பதையும் தூக்கி வைக்கும் இந்த முறை டச்சுக்காரர்களின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்தில் துருப்புச் சீட்டுக்கு இன்றும் இருக்கிறது.

இதற்கு முன் இந்தியாவில் சீட்டே இல்லையா என்றால், இருந்தது. மொகலாயர் கொண்டுவந்த கஞ்சிஃபா வட்டச் சீட்டு. எட்டு இனம், 96 சீட்டு. பாபர் தம் நாட்குறிப்பில் 1527-இல் சிந்துவில் இருந்த நண்பருக்குக் கஞ்சிஃபா அனுப்பியதை எழுதியிருக்கிறார். மராட்டியப் பக்கம் சாவந்த்வாடியில் தசாவதாரம் வரைந்த 120 சீட்டுக் கட்டை இன்றும் கையால் எழுதுகிறார்கள். ஆனால் நாம் ஆடிய 52 சீட்டு கடல் வழி வந்தது.

நளன் கற்றுக்கொண்ட கணக்கு

சீட்டு புதிது, சூது பழசு. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் சூதாட்டக் காட்சி பார்க்காதவர் நம் வயதில் இருக்க மாட்டார். தர்மன் ஏன் தோற்றான்? அவனுக்கு ஆட்டத்தில் ஆசை இருந்தது, தேர்ச்சி இல்லை. எதிரே இருந்த சகுனிக்கு இரண்டும் இருந்தது. துரியோதனனுக்குப் பதிலாக மாமன் ஆடுவான் என்று சொன்னபோதே தர்மன் எழுந்திருக்க வேண்டும். எதிராளி யார் என்று பார்த்து எழுந்து போவது ஆட்டத்தின் முதல் பாடம்.

அதே பாரதத்தில் தர்மனுக்குச் சொல்லப்படும் கதைதான் நளன் கதை. நளன் தம்பி புட்கரனிடம் நாட்டைத் தோற்று, அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மன்னன், தேரில் இருந்தபடியே இலை இவ்வளவு, காய் இவ்வளவு என்று சொல்கிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது! எண்ணும் அந்த வித்தைதான் சூதுக்கும் வித்தை என்று மன்னன் சொல்லிக்கொடுக்கிறான். பதிலுக்கு நளன் குதிரை வித்தையைக் கொடுக்கிறான். பிறகு நளன் திரும்பிப் போய் ஆடி நாட்டை மீட்கிறான்.

சூதில் திறமை உண்டா, அதிர்ஷ்டம் மட்டும்தானா என்று இன்றைக்குக் கோர்ட்டில் நடக்கும் வாதம் அந்தத் தான்றி மரத்தடியிலேயே தொடங்கிவிட்டது என்பேன். வள்ளுவர் இதில் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். 94-ஆம் அதிகாரம் 'சூது'. அதற்கு முன்னால் கள்ளுண்ணாமை, பின்னால் மருந்து. வரிசையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

கோடை வந்தால் சீட்டுக் கச்சேரி

மேட்டூர் அணை 1934-இல் வந்தது. அந்தத் திட்டத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாய்தான், அதாவது நாம் 'புது ஆறு' என்பதுதான், ஒரத்தநாட்டுப் பக்கத்தை நஞ்சையாக்கியது. தை, மாசியில் சம்பா அறுவடை முடியும். ஆற்றில் தண்ணீர் நிற்கும். இனி ஜூன் 12-க்கு மேட்டூர் திறந்தால்தான் வேலை. இடையில் நாலு மாதம். பத்தாயத்தில் நெல், கையில் கொஞ்சம் காசு, உடம்புக்கு ஓய்வு. சீட்டுக் கச்சேரி அப்போதுதான் களைகட்டும். கல்யாண வீட்டில் முதல் நாள் இரவு, துக்க வீட்டில் விடிய விடிய, சிவராத்திரியில் கண் விழிக்க என்று மற்ற நாள்களுக்கும் காரணம் இல்லாமல் இல்லை.

நான் ரம்மி கற்றுக்கொண்டது பெரியப்பா வீட்டுத் திண்ணையில். முத்தாம்பாள் சத்திரத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. 1966 அல்லது 67 கோடை. காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பணம். பெரியம்மா அரிக்கேன் விளக்கை உள்ளே எடுத்துக்கொண்டு போனால் ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். யார் எவ்வளவு கெஞ்சினாலும் விளக்கு திரும்பி வராது.

பெரியப்பா முதலில் சொல்லிக்கொடுத்தது சேர்க்கும் வித்தை அல்ல, விடும் வித்தை. பதின்மூன்று சீட்டு வந்ததும் பார். ஜோக்கர் இல்லாத ஒரிஜினல் வரிசை சேரும் வழி இருக்கிறதா? கையில் ஜோக்கராவது இருக்கிறதா? இரண்டும் இல்லையா, கவிழ்த்து வைத்து ஸ்கூட் விடு. முதலிலேயே விட்டால் 20 பாயிண்ட். நடுவில் விட்டால் 40. கடைசிவரை நம்பி மாட்டினால் 80. "நாலு தடவை ஸ்கூட் விடுறதும் ஒரு தடவை மாட்டுறதும் ஒண்ணுடா தம்பி. அதனால வெக்கப்படாம விடு" என்பார். நான் பிற்காலத்தில் வகுப்பில் நடத்திய நிகழ்தகவுப் பாடம் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

அடுத்தது எதிராளியைப் படிப்பது. இதை அவர் மூன்று படியாகச் சொன்னார்.

முதல் படி, அவர் எடுப்பதைப் பார். கீழே திறந்து கிடந்த கிளாவர் 7-ஐ எடுத்தாரா? இனி கிளாவர் 5, 6, 8, 9 எதுவும் உன் கையிலிருந்து இறங்கக் கூடாது. மற்ற இனத்து ஏழும் கூடாது. உனக்கு உபயோகம் இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்.

இரண்டாவது படி, அவர் போடுவதைப் பார். போடுவதை எல்லாம் நம்பிவிடாதே. கையில் இஸ்பேட் ராணியும் கிளாவர் ராணியும் வைத்திருப்பவர், ஆட்டின் ராஜாவைத் தூக்கிப் போடுவார். நீ என்ன நினைப்பாய்? ஆட்டின் ராஜாவையே விட்டுவிட்டார், அதன் பக்கத்துச் சீட்டான ஆட்டின் ராணி இவருக்கு ஆகாது என்று நினைத்து அதைப் போடுவாய். அவர் அதை எடுத்து டிக் அடிப்பார். இதற்குத் தூண்டில் என்று பெயர்.

மூன்றாவது படிதான் முகமும் கையும். இதில் பெரியப்பா சொன்ன எச்சரிக்கை முக்கியம். ஆளின் சாதாரணப் பழக்கம் தெரியாமல் முகத்தைப் படிக்கக் கூடாது. சிலர் எப்போதும் நிமிடத்துக்கு ஒரு தரம் சீட்டை மாற்றி மாற்றி அடுக்குவார்கள். அதில் செய்தி இல்லை. ஆனால் அப்படி அடுக்குகிறவர் திடீரென்று நிறுத்திவிட்டால், அவருக்கு ஒரு சீட்டுதான் பாக்கி. எங்கள் கூட்டத்தில் ஒருவர் வெற்றிலையை இடைவிடாமல் மெல்லுவார். மெல்லுவது நின்றால் நாங்கள் எல்லோரும் கையில் உள்ள பெரிய சீட்டை இறக்கிவிடுவோம். அவருக்குக் கடைசிவரை அது தெரியாது. "மொத பத்து ஆட்டத்துக்கு உன் கையைப் பாக்காத, ஆளைப் பாரு" என்பது பெரியப்பா வாக்கு.

மூணு சீட்டும் போக்கரும்

இனி நண்பரின் இரண்டாவது கேள்வி. மூணு சீட்டும் போக்கரும் பங்காளிகள்தான். இரண்டிலும் சீட்டைவிடப் பந்தயம்தான் பேசுகிறது.

மூணு சீட்டில் 52-லிருந்து மூன்று சீட்டு வரக்கூடிய வகைகள் 22,100. இதில் ஜோடிகூட இல்லாத வெறும் கை 16,440. அதாவது நூற்றுக்கு 74 தடவை உங்கள் கையில் ஒன்றும் இராது. எதிராளி கையிலும் அப்படித்தான். ஒன்றுமில்லாத இருவர் எதிர் எதிரே உட்கார்ந்து யார் முதலில் பயப்படுவது என்று பார்ப்பதுதான் மூணு சீட்டு. இதில் ஒரு வேடிக்கை: மூன்றும் ஒரே எண்ணாக வரும் வகை 52, ஒரே இனத்தில் வரிசையாக வரும் வகை 48. அரிதானது வரிசைதான். ஆனாலும் வழக்கத்தில் மூன்று ஒரே எண்ணுக்குத்தான் முதல் மரியாதை. கணக்குப் பார்த்தா ஊரில் மரியாதை கொடுக்கிறார்கள்?

போக்கர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் உருவாகி, மிசிசிப்பி ஆற்று நீராவிப் படகுகளில் பரவிய ஆட்டம். இன்று பெரும்பாலும் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகை. ஒவ்வொருவருக்கும் கவிழ்த்து இரண்டு சீட்டு. ஒரு சுற்றுப் பந்தயம். பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டைத் திறப்பார்கள், ஒரு சுற்று. நாலாவது சீட்டு, ஒரு சுற்று. ஐந்தாவது சீட்டு, கடைசிச் சுற்று. ஆக ஏழு சீட்டில் சிறந்த ஐந்து உங்கள் கை. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று வழி: கவிழ்த்துவிட்டு விலகலாம், எதிராளி வைத்த அளவு வைக்கலாம், ஏற்றலாம்.

கையின் மதிப்பு கீழிருந்து மேலே இப்படிப் போகும்: வெறும் கை, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே எண் மூன்று, ஐந்து வரிசை, ஒரே இனம் ஐந்து, மூன்றும் இரண்டுமாகச் சேர்ந்தது, ஒரே எண் நான்கு, ஒரே இனத்தில் வரிசை. ஐந்து சீட்டு வகைகள் மொத்தம் 25,98,960. அதில் வெறும் கையும் ஒரு ஜோடியும் சேர்ந்தே நூற்றுக்கு 92. ஆகவே இங்கும் பெரும்பாலும் சொத்தைக் கையோடுதான் பிழைப்பு.

ஒரு சின்னக் கணக்கு. நடுவில் 100 ரூபாய் இருக்கிறது. எதிராளி 50 வைக்கிறார். நீங்கள் 50 வைத்தால் மொத்தம் 200. 50 கொடுத்து 200-க்கு ஆசைப்படுகிறீர்கள் என்றால், நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். உங்களுக்கு ஒரே இனத்தில் நாலு சீட்டு சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது வந்தால் ஜெயம். அந்த இனத்தில் பாக்கி 9. நீங்கள் காணாத சீட்டு 46. 46-க்கு 9 என்றால் ஐந்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. தேவை நாலில் ஒன்று, கையில் இருப்பது ஐந்தில் ஒன்று. கவிழ்த்துவிட வேண்டியதுதான். பெரியப்பாவின் ஸ்கூட் கணக்கும் இதுவும் ஒன்றே.

உதார் விடுவதற்கும் கணக்கு உண்டு. ஜான் ஃபான் நாய்மான் என்ற பெரிய கணித மேதை 1928-இல் விளையாட்டுகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை எழுதினார். 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய நூலில் போக்கரையே எடுத்து அலசினார். உதார் விடுவது ஒழுக்கக் கேடு அல்ல, ஆட்டத்துக்கு அவசியம் என்று கணக்கிலேயே காட்டினார். நல்ல கை வந்தால் மட்டும் பந்தயம் ஏற்றுகிறவனை நாலு ஆட்டத்தில் எல்லோரும் கண்டுகொள்வார்கள். அவன் ஏற்றினால் மற்றவர்கள் விலகிவிடுவார்கள். நல்ல கைக்கும் அவனுக்குக் காசு வராது.

எதிராளியின் அசைவுகளைப் படிப்பதற்கென்றே மைக் காரோ என்ற அமெரிக்கர் 1984-இல் ஒரு புத்தகம் போட்டார். அதன் சாரம், நல்ல கை வைத்திருப்பவன் சலித்துக்கொள்வான், சொத்தைக் கை வைத்திருப்பவன் விறைப்பாகப் பார்ப்பான் என்பதுதான். 'எனக்கு என்னமோ இன்னைக்கி சீட்டே வரல' என்று முனகிக்கொண்டு பந்தயம் ஏற்றுகிற மாமாவை நாம் பார்த்ததில்லையா?

ஆனால் முகம்தான் எல்லாம் என்று நினைக்க வேண்டாம். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் லிப்ரேட்டஸ் என்ற கம்ப்யூட்டர் நிரல், தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரோடு தனித்தனியே மோதியது. 20 நாள், 1,20,000 ஆட்டம். நால்வரும் தோற்றார்கள். அதற்குக் கண் கிடையாது, முகமும் கிடையாது. பந்தயத்தின் அளவும் வரிசையும் மட்டுமே அதற்குப் போதுமாக இருந்தது. அதாவது பெரியப்பாவின் மூன்று படியில் முதல் இரண்டு படிதான் ஆட்டம். மூன்றாவது படி மனிதர்களுக்குள் இருக்கும் ருசி.

ஆடத் தெரிந்தவன் ஏன் தோற்றான்?

இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நாலு வருடத்துக்கு முன் வீட்டுக்கு வந்தார். மகன் வெளியூரில் நல்ல வேலையில் இருந்தான். கைப்பேசியில் ரம்மி ஆடி, சம்பளம் போய், கடன் வாங்கி, கடைசியில் மனைவியின் நகையும் அடகுக்குப் போயிருந்தது. பையன் உயிரோடு இருக்கிறான், அதுவே பெரிது. அவர் அழவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சார், அவன் நல்லா ஆடுவான் சார். பொங்கலுக்கு வந்தா குடும்பத்துல யாராலயும் அவனை ஜெயிக்க முடியாது. தெரிஞ்சவன் எப்படி சார் தோப்பான்?"

நான் ஒரு பேப்பர் எடுத்துப் போட்டுக் காட்டிய கணக்கு இது. இருவர் சமமான திறமைசாலிகள். ஆளுக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள். மொத்தம் 200. ஆட்டம் நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொண்டு ஜெயித்தவருக்கு 180 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூறு ஆட்டம் ஆடினால் ஆளுக்கு ஐம்பது ஜெயம். வைத்தது 10,000. வந்தது 9,000. இருவரும் சமமாக ஆடி, இருவரும் ஆயிரம் ரூபாய் தோற்றிருக்கிறார்கள். ஜெயித்தவர் மூன்றாவது ஆள், அவர் சீட்டையே தொடவில்லை. கையைக் கடிக்காமல் எழுந்திருக்க வேண்டும் என்றாலே நூற்றுக்கு 56 ஆட்டம் ஜெயிக்க வேண்டும். தன்னைவிடத் தெளிவாகக் குறைந்தவர்களோடு மட்டுமே ஓயாமல் ஆடினால்தான் அது நடக்கும்.

திண்ணையில் ஒரு மாலைக்கு எட்டு ஆட்டமோ பத்து ஆட்டமோ நடக்கும். எதிரே இருப்பவர் யார், அவர் பழக்கம் என்ன என்று தெரியும். தோற்றுக்கொண்டே இருப்பவன் முகத்தைப் பார்த்து, "போதும் எழுந்திருப்பா" என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள். கைப்பேசியில் ராத்திரி இரண்டு மணிக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. எதிரே யார் என்று இவனுக்குத் தெரியாது. ஆனால் இவன் எப்போது ஆடுகிறான், எவ்வளவு நேரம் யோசிக்கிறான், எப்போது பணம் போடுகிறான் என்பது ஒவ்வொன்றும் ஆட்டம் நடத்துகிறவர் கம்ப்யூட்டரில் பதிவாகிறது. இவன் யாரையும் படிக்கவில்லை, இவனைத்தான் படிக்கிறார்கள்.

அந்தக் காலம் மட்டும் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். மனமகிழ் மன்றம் என்ற பெயரில் நடந்த கிளப்பில் மூன்று கோடைக்குள் மூன்று மா நஞ்சையைத் தோற்றவரை எனக்குத் தெரியும். அங்கும் மேசைக்கு ஒரு தொகை பிடித்தார்கள், விளக்கை எடுத்துக்கொண்டு போகப் பெரியம்மா இல்லை. இரண்டுக்கும் நோய் ஒன்றுதான்.

கோர்ட்டு போட்ட வேலி

இந்த நோயைச் சட்டம் எப்போதோ கண்டுகொண்டது. சென்னை மாகாணத்தின் 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் ஆடுகிறவனைவிட, ஆட்டத்துக்கு இடம் கொடுத்து லாபம் பார்ப்பவன் மேல்தான் அதிகக் கண் வைத்தது. வெறும் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது.

ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் நடந்த, 1968 தீர்ப்பு என்று வழக்கறிஞர்கள் சொல்லும் வழக்கு. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் 1963-இல் போலீஸ் சோதனை போட்டதால் வந்தது. நீதிபதி இதாயத்துல்லா எழுதிய தீர்ப்பில், விழுந்த சீட்டை நினைவில் வைத்து, எதை வைப்பது எதைப் போடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று முடிவானது. மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்றும் சொல்லப்பட்டது. என் பெரியப்பா திண்ணையில் சொன்னதும் இதுதான்.

ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே ஒரு வேலி இருக்கிறது. ரம்மி ஆட்டத்தால் கிளப்போ வீட்டுக்காரரோ லாபம் அடைகிறார் என்று நிரூபணமானால் குற்றம் வரும் என்று சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். பிற்காலத்தில் எல்லோரும் 'ரம்மி திறமை ஆட்டம்' என்ற பாதியை விளம்பரம் போல உரக்கச் சொன்னார்கள். மற்றப் பாதி காதில் விழவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு அரசு 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்ட் 3-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கடனில் மூழ்கித் தற்கொலை என்ற செய்தி அடிக்கடி வந்த காலம் அது. 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைந்தது. அந்த அக்டோபரில் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பர் 9-இல் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்பதால் அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது.

2025 பிப்ரவரியில் தமிழ்நாடு வேறு வழியில் போனது. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் கூடாது, ஆதார் மூலம் ஆளைச் சரிபார்க்க வேண்டும் என்று விதி வந்தது. ஜூன் 3-இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது பெரியம்மாவின் அரிக்கேன் விளக்குதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதன்பின் ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்தவே கூடாது என்றது. தண்டனை நடத்துகிறவருக்கு; ஆடி ஏமாந்தவருக்கு அல்ல. 1930-இல் பார்த்த அதே பார்வை. அந்தச் சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

என் கருத்து இதுதான். சீட்டில் திறமை உண்டு, அதைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொடுக்கவும் வேண்டும். ஞாபகம், பொறுமை, தோற்கிற கையை வெட்கப்படாமல் விடுவது, அடுத்தவர் மனத்தைக் கவனிப்பது எல்லாம் அதில் வரும். ஆனால் அந்தத் திறமை பலிக்க மூன்று நிபந்தனை உண்டு. எதிராளி கண் முன்னால் இருக்க வேண்டும். ஆட்டத்துக்கு ஒரு முடிவு நேரம் இருக்க வேண்டும். நடுவில் யாரும் பங்கு எடுக்கக் கூடாது. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் எழுந்துவிடுவது நல்லது.

கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வரும்போது ஒரு சீட்டுக்கட்டும் ஒரு படி புளியங்கொட்டையும் எடுத்து வையுங்கள். ரம்மியோடு இந்த 180 ரூபாய்க் கணக்கையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் யாராவது இதில் மாட்டியிருந்தால் திட்டுவதற்கு முன் உட்கார வைத்துப் பேசுங்கள். மனம் உடைந்து இருந்தால் 14416 அல்லது 104 எண்ணுக்குப் பேசினால் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும், கட்டணம் இல்லை.

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் சீட்டு இனங்களுக்கு வேறு பெயர் வழங்கியது உண்டா? முந்நூற்று நாலு ஆடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எழுதுங்கள், இன்னொரு கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன்.